கதம்ப மஃப்ளர்

தஞ்சாவூர் ஜில்லாவில் குளிர் என்பது தெர்மாமீட்டரில் தெரிகிற சமாசாரம் கிடையாது. அது ஒரு நம்பிக்கை!

பாதரசத்தைக் கேட்டால், மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்க ரொம்பவே யோசிக்கும். ஐரோப்பாக்காரன் அந்த 20 டிகிரி கிடைத்தால் சட்டையைக் கழற்றிவிட்டுப் புல்தரையில் மல்லாந்து படுத்துவிடுவான். நம்மவர்களோ… கும்பகோணம் மகாமகக் குளக்கரை, மாயவரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடை, திருவையாறு தியாகராஜ ஆராதனைப் பந்தல் என்று எங்கே பார்த்தாலும் கழுத்தில் மஃப்ளர், தலையில் குல்லா! பாடகர்கள் பாவம், தொண்டைதான் அவர்களுக்கு மூலதனம். சுற்றிக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. பாட்டுக் கேட்க வந்தவர் ஏன் சுற்றிக்கொள்கிறார்? "பனி கொட்டுது, குல்லாவைப் போட்டுக்கிட்டுப் போங்க" என்று வீட்டிலிருந்து உத்தரவு. மீற முடியுமா?

அந்த மஃப்ளரைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். கடையில் வாங்கியது என்றால் கட்டமோ ஒரே நிறமோ இருக்கும். வீட்டில் பின்னியது அப்படி இருக்காது. ஒரு சாண் மெரூன். அப்புறம் நாலு விரற்கடை பாட்டில் பச்சை. திடீரென்று ஒரு ரோஸ். கடைசியில், சம்பந்தமே இல்லாமல் ஒரு மஞ்சள். மெரூன், பெரிய பையனின் ஸ்வெட்டரில் மிஞ்சியது. பச்சை, வீட்டுக்காரரின் கை இல்லாத ஸ்வெட்டரில் மிஞ்சியது. ரோஸ், பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பின்னியதில் மிஞ்சியது. மஞ்சள் எதில் மிஞ்சியது என்று பின்னியவருக்கே மறந்திருக்கும். மல்லிகை, கனகாம்பரம், மரிக்கொழுந்து எல்லாவற்றையும் ஒரே நாரில் தொடுக்கிற தஞ்சாவூர்க் கதம்பத்துக்குக் கம்பளியில் ஒரு தங்கச்சி இருந்தால் இப்படித்தான் இருப்பாள்.

இந்த மிச்ச நூலுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதில் யுத்தம் இருக்கிறது. அடிமைத்தனம் இருக்கிறது. 'மிஞ்சினது யாருக்குச் சொந்தம்?' என்ற கேள்வியும் இருக்கிறது.

முதலில் குல்லா.

கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரிய, தலை, காது, கழுத்து எல்லாவற்றையும் மூடும் 'மங்கி கேப்' இருக்கிறதே… அதற்கு ஆங்கிலத்தில் பாலக்லாவா என்று பெயர். பாலக்லாவா என்பது கருங்கடல் ஓரத்தில், கிரிமியாவில் இருக்கும் ஒரு சின்னத் துறைமுகம். 1854-ல் ரஷ்யாவோடு சண்டை போட அங்கே போய் இறங்கியது பிரிட்டிஷ் ராணுவம். அக்டோபர் 25-ம் தேதி பெரிய சண்டை. அதைவிடப் பெரிய எதிரி அடுத்துவந்த பனிக்காலம். கம்பளித் துணிகள் போதவில்லை, வந்தவையும் நேரத்துக்கு வந்து சேரவில்லை. சிப்பாய்கள் விறைத்துச் செத்தார்கள். செய்தி கேட்ட இங்கிலாந்துப் பெண்கள் ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். குல்லா, மஃப்ளர், சாக்ஸ், கையுறை என்று மூட்டை மூட்டையாகப் போயிற்று. அந்தக் குல்லாவுக்குப் பிற்பாடு ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது. அதே சண்டையில் குதிரைப் படையை நடத்திய பிரபு கார்டிகன். முன்பக்கம் பட்டன் வைத்த ஸ்வெட்டருக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான்! ஒரே யுத்தம், உலகத்துக்கு இரண்டு உடுப்பு. செத்துப்போன சிப்பாய்களின் பெயர் எந்தத் துணிக்கும் வைக்கப்படவில்லை.

இப்படி வெள்ளைக்காரப் பட்டாளத்தோடும், ஊட்டி கொடைக்கானலுக்கு ஓடிய துரைமார்களோடும் இங்கே வந்த குல்லா, மலையிலிருந்து மெல்ல இறங்கி, கடைசியில் காவிரிக்கரை வாக்கிங் போகும் தாத்தாவின் தலைக்கு வந்து சேர்ந்தது. சரி, அதைப் பின்னுகிற வித்தை?

அங்கேதான் சுவாரஸ்யம்.

துணி விஷயத்தில் நாம் யாரிடமும் பாடம் கேட்க வேண்டியவர்கள் அல்ல. காவிரி டெல்டாவை மட்டும் எடுத்துக்கொண்டாலே திருபுவனம் பட்டு, பருத்தியும் பட்டும் கலந்த கூறைநாட்டுப் புடவை, கும்பகோணத்துச் சௌராஷ்டிர நெசவாளர்கள் என்று பட்டியல் நீளும். ஆனால், அது எல்லாமே தறித் துணி. பாவு நீளவாக்கில் ஓடும். ஊடை குறுக்கே போகும். இரண்டும் மாட்டிக்கொண்டால் துணி. அதற்குத் தறி வேண்டும், தறி போட இடம் வேண்டும், நூல் வாங்க முதல் வேண்டும், அந்த சாதியில் பிறந்திருக்கவும் வேண்டும். குழித்தறியில் பெரும்பாலும் உட்கார்ந்தது ஆண். பெண் என்ன செய்தாள்? நூலுக்குக் கஞ்சி போட்டாள், பாவு நீட்டினாள், தார் சுற்றினாள். பாதி வேலை அவளுடையது. 'நெசவாளர்' என்ற பெயர் அவருடையது.

மிச்ச நூல்? அதுவும் அவளுக்குக் கிடையாது. முதலாளி நூலை நிறுத்துக் கொடுப்பார். துணி திரும்பி வரும்போது மறுபடி தராசு. பட்டு, ஜரிகை என்றால் கேட்கவே வேண்டாம். குறைந்தால் கூலியில் கை வைப்பார்கள்.

பின்னல் வேறு ஜாதி. (இந்த இடத்தில் அந்த வார்த்தை பொருத்தம்தான்!) பாவும் கிடையாது, ஊடையும் கிடையாது. ஒரே ஒரு நூல். அதைக் கண்ணி கண்ணியாக வளைத்து, ஒரு கண்ணிக்குள் இன்னொன்றை நுழைத்து இழுத்தால் துணி வளர்ந்துகொண்டே போகும். இரண்டு ஊசி இருந்தால் ஸ்வெட்டர். முனை வளைந்த ஒற்றை ஊசி இருந்தால் குரோஷா. தறி வேண்டாம், குழி வேண்டாம், பக்கத்து அறைகூட வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்தோ, அடுப்பில் பால் பொங்குகிறதா என்று ஒரு கண் வைத்துக்கொண்டோ செய்துவிடலாம்.

உலகத்தில் இப்போது நம் கையில் இருக்கும் மிகப் பழைய பின்னல்களில் சில, எகிப்தில் கிடைத்த சாக்ஸ்கள். சுமார் எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷப் பழசு. கம்பளிகூட இல்லை, பருத்தி நூல்! வெள்ளையும் அவுரி நீலமும் மாற்றி மாற்றிப் பின்னியிருக்கிறார்கள். அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போனது வித்தை. ஆரம்பத்தில் அங்கேயும் சங்கம் வைத்துப் பின்னிச் சம்பாதித்தது ஆண்கள்தான். 1589-ல் வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் பின்னலுக்கு ஒரு மெஷினே கண்டுபிடித்தார். 'என் ஏழைக் குடிகளின் பிழைப்பு போய்விடும்' என்று முதலாம் எலிசபெத் ராணி அதற்குக் காப்புரிமை தர மறுத்ததாக ஒரு கதை உண்டு. மெஷின் வந்து காசு அந்தப் பக்கம் போன பிறகு, கைப்பின்னல் பெண்கள் மடியில் வந்து விழுந்தது.

பின்னலின் இன்னொரு குணம்தான் நம் கதைக்கு முக்கியம். தறித் துணி கிழிந்தால் கிழிந்ததுதான். பின்னல் துணியின் முனையைப் பிடித்து இழுத்தால் முழுசும் மறுபடி நூலாகிவிடும். திரௌபதி சேலைக்கு நேர் எதிர்! பையன் வளர்ந்துவிட்டானா? ஸ்வெட்டரைப் பிரி. நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கு. வெந்நீரில் அலசி, அடியில் ஏதாவது கனத்தைக் கட்டித் தொங்கவிட்டுக் காயவை. சுருள் போய் நூல் நேராகிவிடும். அப்புறம் கண்டாக உருட்டி, தம்பிக்குப் பின்னு. தம்பிக்கும் போக மிஞ்சியதில் தாத்தாவுக்கு மஃப்ளர். அதிலும் மிஞ்சியதில் குழந்தைக்குக் குல்லா. பழஞ்சோறே வீணாகாத தேசத்தில் இந்த வித்தை ஒட்டிக்கொண்டதில் என்ன ஆச்சரியம்?

இதை நம் பெண்களின் கையில் கொண்டுவந்து வைத்தது யார் என்று தேடிப் போனால், கால்கள் தரங்கம்பாடிக் கடற்கரைக்குப் போய் நிற்கின்றன.

1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டென்மார்க்காரர்கள் கோட்டை கட்டிய ஊர் அது. 1706 ஜூலை 9-ம் தேதி சீகன்பால்குவும் புளுட்ஷாவும் அங்கே வந்து இறங்கினார்கள். சீகன்பால்கு என்றதும் நமக்கு அச்சகம், தமிழ் பைபிள் என்றுதான் ஞாபகம் வரும். அடுத்த வருஷமே, 1707-ல், பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். அந்த இரண்டு பேரும் ஜெர்மனியில் ஹாலே நகரத்து ஃபிராங்கேயின் சிஷ்யர்கள். ஃபிராங்கே நடத்திய அநாதை இல்லத்தில் பிள்ளைகள் பாடம் படிப்பார்கள், ஜெபம் செய்வார்கள், மிச்ச நேரத்தில் கைவேலை செய்வார்கள். சும்மா இருக்கும் கை சாத்தானுக்குப் பட்டறை என்ற சித்தாந்தம்! அந்தப் பழக்கத்தின் நிழல், மிஷனரிகள் இந்தியாவில் தொடங்கிய பெண்கள் பள்ளிகள்மீது இருநூறு வருஷத்துக்கு மேல் விழுந்துகொண்டிருந்தது. எழுத்து ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம்.

'பொம்பளைப் புள்ளைக்குப் படிப்பு எதுக்கு?' என்று கேட்ட காலம். 'படிப்பு மட்டுமில்லீங்க, கைவேலையும் சொல்லித் தர்றோம்' என்பது நல்ல பதில். ஊசியைக் காட்டி எழுத்தை உள்ளே நுழைத்தார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

தரங்கம்பாடியிலிருந்து தஞ்சாவூருக்கு மிஷன் வேலை பரவியது. சரபோஜி மன்னரின் ஆசானாக நாம் அறிந்த ஷ்வார்ட்ஸ், 1798-ல் இறக்கும்வரை தஞ்சாவூரில்தான் இருந்தார். அவருக்குப் பிறகு அங்கே பணிசெய்த மிஷனரிகளில் ஹார்ஸ்ட் என்று ஒருவர். அவருடைய மகள் ஜோஹன்னா. இந்தப் பெண், நாகர்கோவிலில் வேலை செய்துகொண்டிருந்த சார்லஸ் மீட் என்ற லண்டன் மிஷனரியைக் கல்யாணம் செய்துகொண்டு, தெற்கே போனாள். 1819-ல் நாகர்கோவிலில் பெண்களுக்கு ஒரு போர்டிங் பள்ளிக்கூடம் தொடங்கியது. அதை ஆரம்பித்தவர் ஜோஹன்னா மீட். தஞ்சாவூரில் வளர்ந்த ஒரு பெண்ணின் கை, குமரி முனையில் போய் ஒரு கதவைத் திறந்தது.

அதே காலத்தில் அங்கே வந்து சேர்ந்தவர் மார்த்தா மால்ட். இங்கிலாந்தில் ஹோனிட்டன் லேஸ் என்று ஒரு ரகம் உண்டு. மெத்தென்ற திண்டில் ஊசி குத்தி, சின்னச் சின்ன மரக்கட்டைகளில் நூல் சுற்றி, அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றிப் போட்டுப் பின்னுவது. மார்த்தாவுக்கு அது தெரியும். 1821 வாக்கில் அவர் அதைப் பள்ளிக்கூடத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். (லேஸ் வேறு, ஸ்வெட்டர் வேறு என்று விஷயம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். வாஸ்தவம்தான். தறி இல்லாமல், மடியில் வைத்து, ஒரு பெண் தானே நூலைத் துணியாக்குவது என்ற அளவில் இரண்டும் ஒன்றுவிட்ட சகோதரிகள்.)

யார் அந்தப் பள்ளிக்கூடத்துப் பெண்கள்? அங்கேதான் நெஞ்சு அடைக்கிறது.

அன்றைக்குத் தென் திருவிதாங்கூரில் மனிதர்களை விலைக்கு விற்றார்கள். நிலத்தோடு சேர்த்து விற்றார்கள், அடகு வைத்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு வந்த பெண்களில் சிலர் அப்படிப்பட்ட அடிமைகள். தாங்கள் பின்னிய லேஸ் விற்ற காசில் தங்கள் பங்கைச் சேர்த்துவைத்து, எஜமானிடம் தங்களுக்கான விலையைக் கொடுத்து, தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்டார்கள்! திருவிதாங்கூர் அரசு அடிமைமுறையை முழுசாக ஒழித்துப் பிரகடனம் போட்டது 1855-ல். அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே, சில பெண்கள் நூலைக்கொண்டு தங்கள் பிரகடனத்தைத் தாங்களே எழுதிக்கொண்டுவிட்டார்கள்.

இன்னொரு முரணையும் பாருங்கள். வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் கழுத்துக்கும் கைக்கும் லேஸ் பின்னிக்கொடுத்த அதே ஊரில்தான், சாணார் பெண்களும் அவர்களுக்கும் கீழே தள்ளப்பட்டிருந்தவர்களும் மார்பை மறைக்க உரிமை இல்லாமல் இருந்தார்கள். மிஷனரிகளின் மனைவிமார் தைத்துக்கொடுத்த குப்பாயத்தைப் போட்டதற்காக அடிபட்டார்கள். அந்தத் தோள்சீலைப் போராட்டத்துக்கு 1859-ல்தான் அரசு ஆணை வந்தது. மார்த்தாவின் மகள் எலைசா, 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லுக்கு வாழ்க்கைப்பட்டு இடையன்குடிக்குப் போனபோது லேஸும் கூடவே போயிற்று. 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' உருவான ஊரில், இன்னொரு பக்கம் திண்டில் ஊசி குத்திக்கொண்டிருந்தார்கள் பெண்கள்.

மறுபடி டெல்டாவுக்கு வருவோம்.

இருபதாம் நூற்றாண்டில் தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம் பெண்கள் பள்ளிகளில் எல்லாம் 'தையல் டீச்சர்' என்று ஒருவர் இருந்தார். கணக்கு டீச்சரைப் பார்த்து நடுங்கிய பெண்கள் இவர் வகுப்பில் பேசிச் சிரித்தார்கள். குரோஷா வித்தை அங்கிருந்து வீட்டுக்கு வந்து என்ன பாடுபடுத்தியது என்று உங்களுக்கே தெரியும். டெலிபோனுக்கு ஒரு உறை, டி.வி-க்கு ஒரு உறை, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு ஒரு உறை! வீட்டில் சட்டை போடாமல் இருந்தவர் தாத்தா ஒருவர்தான்!

அந்த நூல் எப்படி வரும் தெரியுமா? "பெரியவனுக்கு ஸ்வெட்டர் பின்னணும்" என்றால் காசு பெயரும். "எனக்கு ஒண்ணு பின்னிக்கறேன்" என்றால் பெயராது. அப்படிக் கேட்டவர்களும் குறைவு. ஆகவே, உல்லன் நூல் கண்டு வீட்டுக்குள் வருவது புருஷன் கணக்கில், பிள்ளை கணக்கில். மிஞ்சுகிற நூல் மட்டும்தான் அவள் கணக்கு. டிரங்குப் பெட்டியின் மூலையில், பழைய பிஸ்கட் டின்னில் அது சேரும். அதில் என்ன நிறத்தை எதோடு சேர்ப்பது, யாருக்குப் பின்னுவது என்று முடிவெடுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. சமையல்கூட மற்றவர்கள் நாக்கைக் கேட்டுத்தான் நடக்கும் வீட்டில், அந்த டின் ஒரு தனி ராஜ்ஜியம்!

எல்லா வீட்டிலும் அந்த டின் இருந்ததா என்றால்… இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். உல்லன் நூல் அக்ரஹாரத்திலும், மிராசுதார் வீட்டிலும், மாதச் சம்பளக்காரர் வீட்டிலும் இருந்தது. சேற்றில் இறங்கி நாற்று நட்ட பெண்ணுக்கு மார்கழியில் மஃப்ளர் கிடையாது. அவளுக்கும் தலைக்கு ஒன்று வேண்டுமே! மிச்சத்திலிருந்துதான் அவளும் செய்துகொண்டாள்.

கோணிச் சாக்கை எடுத்து, அடி மூலை ஒன்றை இன்னொரு மூலைக்குள் திணித்தால் கூம்பாக ஒரு தொப்பி வரும். மீதிச் சாக்கு முதுகை மூடும். அதுதான் கொங்காணி. ஐப்பசி அடைமழையில் டெல்டா வயல்களில் குனிந்து நின்ற முதுகுகளுக்கு அதுவே குல்லா, அதுவே மழைக்கோட்டு. அறுப்புக் காலத்தில் நெல்லுக்கட்டுத் தலைக்கு ஏறும்போது, நைந்துபோன சேலைத் துண்டைச் சுருட்டி வளையமாக்கி உச்சியில் வைப்பாள், அது சும்மாடு. அவள் புருஷனுக்கு ஒரு துண்டு. வெயிலில் முண்டாசு, பனியில் மஃப்ளர், சாப்பிட்டால் கை துடைக்க, தூங்கினால் விரிக்க. மிராசுதார் எதிரே வந்தால் மட்டும் அது தலையிலிருந்தும் தோளிலிருந்தும் இறங்கியாக வேண்டும்!

ஒரு முழத் துணி விஷயம் என்று தோன்றலாம். 1943-ல் பி.சீனிவாசராவ் இந்தப் பக்கம் வந்து, தென்பரையில் விவசாயிகளைத் திரட்டிச் சங்கம் வைத்தார். சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த பூமி இது. 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தில் அந்த இரண்டுக்கும் முடிவு கேட்டார்கள், வாங்கினார்கள். கூடவே, இறங்கியே பழகிய துண்டு தோளில் நிற்க ஆரம்பித்தது. கம்பளி நூலின் சரித்திரத்தை எழுத உட்கார்ந்தவனுக்கு இந்தத் துண்டைத் தாண்டிப் போக மனசு வரவில்லை.

1962 அக்டோபரில் சீனப் படை எல்லையைத் தாண்டியது. நம் ஜவான்களில் பலரைச் சமவெளியிலிருந்து அப்படியே இமயமலைக்கு ஏற்றியிருந்தார்கள். பருத்திச் சீருடை, கேன்வாஸ் ஷூ, ஆளுக்கு ஒரு போர்வை! கிரிமியாவில் நடந்தது நூறு வருஷம் கழித்து நம் வீட்டில். இங்கிலாந்துப் பெண்கள் அன்று செய்ததை இந்த முறை இந்தியப் பெண்கள் செய்தார்கள். தங்க வளையலைக் கழற்றிக் கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். மாதர் சங்கங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் உட்கார்ந்து ஜவான்களுக்காக ஸ்வெட்டர், மஃப்ளர், சாக்ஸ், குல்லா என்று பின்னித் தள்ளியதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. பனியைச் சினிமாவில் மட்டுமே பார்த்திருந்த ஊர்களிலும் பின்னினார்கள்.

இன்று டெல்டாவில் பின்னல் என்றால் அர்த்தமே வேறு. பின்னலாடை என்றால் திருப்பூர். நாம் தினமும் சட்டைக்கு உள்ளே போடும் பனியன், கண்ணிக்குள் கண்ணி நுழைத்த அதே துணிதான். வில்லியம் லீயின் மெஷினுக்குப் பேரன், கொள்ளுப் பேரன்கள் அங்கே வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ராணி மறுத்த மெஷின் எத்தனை லட்சம் பேருக்குச் சோறு போடுகிறது, பாருங்கள்!

அந்தச் சோற்றுக்கும் காவிரிக்கும் ஒரு கணக்கு உண்டு. குறுவைக்காக மேட்டூர் அணையைத் திறக்க வேண்டிய தேதி ஜூன் 12. 2012-லிருந்து 2019 வரை, வரிசையாக எட்டு வருஷம் அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. நடுவில் 2016-17-ல் கொடும் வறட்சி. தண்ணீர் வராத வருஷங்களில் திருவாரூர், நாகப்பட்டினம் கிராமங்களிலிருந்து இளசுகள் திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள். அம்மா நாற்று நட்டவள். மகள் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவள். அந்தத் திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல், காவிரியில் போய்த்தான் கலக்கிறது. சாயக் கழிவைச் சுமந்துகொண்டு போனது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தலையிட்டு, விதியை மீறிய சாய ஆலைகளை மூடச் சொல்கிற அளவுக்குப் போயிற்று விவகாரம்.

அங்கேயும் மிச்சம் உண்டு. வெட்டி எறியும் துண்டுகள் 'பனியன் வேஸ்ட்' என்ற பெயரில் மூட்டையாகி ஊர் ஊராகப் போகின்றன. உங்கள் பைக்கை சர்வீஸுக்கு விட்டால், மெக்கானிக் கை துடைப்பது அதில்தான். இன்னொரு பங்கு மில்லுக்குப் போய், பிய்த்துப் பஞ்சாக்கி மறுபடி நூலாகிறது. பாட்டி நாற்காலி முதுகில் சுற்றிச் செய்த அதே வேலை, டன் கணக்கில்.

கைப்பின்னல் போயே போய்விட்டதா? அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2016 ஜனவரியில், சென்னையை மையமாகக் கொண்ட 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' என்ற பெண்கள் குழு, பல ஊர்களிலிருந்து வந்த சதுரங்களை இணைத்து, 11,000 சதுர மீட்டருக்கு மேல் ஒரு போர்வை செய்து கின்னஸில் இடம்பிடித்தது. அடுத்த வருஷம் இன்னொரு சாதனை, 14 கிலோ மீட்டர் நீளத்துக்கு ஒரே மஃப்ளர்! திருவையாறில் ஆரம்பித்தால் தஞ்சாவூர் பெரிய கோயிலைச் சுற்றிக்கொண்டு வரலாம்.

எனக்கென்னவோ, சின்ன அளவில்தான் சுவாரஸ்யம் அதிகம். 20 டிகிரி ஊரில் குல்லா எதற்கு என்று ஆரம்பத்தில் கேலி செய்தேன் இல்லையா… ஒரே ஒரு ஆசாமிக்கு மட்டும் அந்தக் கேலி பொருந்தாது. இன்றைக்குப் பிறந்த குழந்தை! அதன் உடம்பில் தலை மட்டுமே கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. ஈரத்தோடு வெளியே வரும் குழந்தைக்கு அந்த வழியாகச் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். எடை குறைவாக, மாதம் முந்திப் பிறந்தது என்றால் அதுவே உயிருக்கு ஆபத்து, தஞ்சாவூர் சித்திரை வெயிலில்கூட! 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் தவித்த டாக்டர்கள், அம்மாவின் மார்போடு குழந்தையைத் தோலோடு தோலாகக் கட்டிவைத்தார்கள். கங்காரு முறை என்று இப்போது நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலும் செய்கிறார்கள். அப்போது குழந்தைக்கு ஒரு நாப்கின், ஒரு சாக்ஸ், தலையில் ஒரு குல்லா. அவ்வளவுதான் உடுப்பு.

பெரியவருக்கு மஃப்ளர் பின்ன 150, 200 கிராம் நூல் வேண்டும். இந்தக் குல்லாவுக்கு 20 கிராம் போதும். தலைச் சுற்றளவு 33-லிருந்து 35 சென்டிமீட்டர். முந்திப் பிறந்தது என்றால் இன்னும் குறைச்சல். கம்பளி உறுத்தும், பருத்தி நூலாக இருக்க வேண்டும். நிறம் மாற்றும் இடத்தில் முடிச்சு உள்பக்கம் துருத்திக்கொண்டிருந்தால் நெற்றியில் தடம் விழும். அதனால் முடிச்சுப் போடாமல், முனைகளைக் கண்ணிகளுக்கு உள்ளேயே ஓட்டிவிடச் சொல்வார்கள். உச்சியில் குஞ்சம், பட்டன், நாடா எதுவும் கூடாது. பின்னியதும் ஒரு முறை துவைத்து, வெயிலில் காயவைத்துக் கொடுக்க வேண்டும்.